நான்காம் வீட்டுச் சாவி

அருமனையில் ஒன்பது வாடகை வீடுகளை இருபத்தாறு வருஷம் பார்த்துக்கொண்டேன். போன மாதம் சாவிக்கொத்தைக் கொடுத்துவிட்டு இறங்கினேன். இப்போது அந்தக் காம்பவுண்டைப் பார்ப்பவள் சுஜாதா என்ற பெண். மார்த்தாண்டத்தில் ஆபீஸ் வைத்து ஏழெட்டு காம்பவுண்டுகளைப் பார்க்கிறாள். ஒன்பது வீட்டுக்கும் நம்பர் பூட்டு போடப் போகிறார்கள். சாவி வேண்டாம், நம்பரை அமுக்கினால் திறக்குமாம்.

"அண்ணே, நம்பர் யாருகிட்ட இருக்கணும்? ஆபீஸ்லயும் ஒண்ணு வச்சுக்கிடவா? உங்க பழக்கம் எப்படின்னு எழுதித் தாங்களேன்" என்று கேட்டாள்.

ஒரு வரியில் பதில் சொல்லலாம். ஆனால் அந்த வரி எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்லாவிட்டால் விளங்காது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். தெரிந்த மட்டும் எழுதுகிறேன்.

பதினைந்து வயதில் மரவேலைக்குப் போனேன். இழைப்புளி பிடித்தேன், கதவு பொருத்தினேன். அந்த ஒன்பது வீட்டுக்கும் முன்கதவு பொருத்தியது நான்தான். எல்லாம் அயினி மரம். வேலை முடிந்த அன்று வீட்டுக்காரி ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தார். கடைசிக் கதவைத் தட்டிவிட்டு, "தாசையா, இங்கயே நிக்கியா?" என்று கேட்டார். நின்றேன். என் படிப்பு அவ்வளவுதான்.

வீட்டுக்காரி நர்ஸாக இருந்தவர். சவுதியில் பல வருஷம் வேலை பார்த்து, திரும்பி வந்து அந்த வீடுகளைக் கட்டினார். நாங்கள் எல்லாரும் சிஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம். காம்பவுண்டுக்கு மேல்பக்கம் ரப்பர் தோட்டத்தை ஒட்டி அவர் வீடு. தினமும் காலை ஏழு மணிக்கு இறங்கி வருவார். ஆஸ்பத்திரியில் வார்டு சுற்றுவது போல ஒன்று முதல் ஒன்பது வரை நடப்பார். எந்த வீட்டுக்குள்ளும் நுழைய மாட்டார். படிக்குக் கீழே நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவார். உள்ளே இருப்பவர் வெளியே வந்தால் பேசுவார். வராவிட்டால் அடுத்த வீட்டுக்குப் போய்விடுவார்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஏழாம் வீட்டில் மழைக்கு ஒழுகியது. அந்த வீட்டுக்காரர்கள் ஊரில் இல்லை. நான் கொத்தில் இருந்த சாவியால் திறந்து, ஒழுகும் இடத்தில் வாளி வைத்துவிட்டு வந்தேன். நல்ல காரியம் செய்த நினைப்போடு சிஸ்டரிடம் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைத்தார். அவர் கண்ணாடியைத் துடைத்தால் ஏச்சு வருகிறது என்று அர்த்தம்.

"வாடகைக்கு விட்ட பெறவு அது நம்ம வீடு இல்ல, தாசையா. போன் போட்டுக் கேட்டியா?"

"இல்ல சிஸ்டர்."

"கேட்டுட்டுத்தான் கேறணும்."

அதற்குப் பிறகு கேட்காமல் நான் எந்த வீட்டுக்குள்ளும் காலெடுத்து வைத்ததில்லை. நான் நுழையக் கூடாது என்று படித்தேன். யாரை நுழைய விடக் கூடாது என்று படிக்கவில்லை.

சிஸ்டருக்கு இன்னொரு பழக்கம் இருந்தது. எதைப் போய்ச் சொன்னாலும் மூன்று கேள்வி கேட்பார். "ஆறாம் வீட்டுக்காரன் காலி பண்ணப் போறான் சிஸ்டர்" என்பேன். "பாத்தியா, கேட்டியா, நெனச்சியா?" என்பார். "நெனச்சேன்" என்றால், "அப்பம் போய்க் கேளு" என்பார். நோயாளிக்குக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்க முடியாது, தொட்டுப் பார்க்க வேண்டும் என்பது அவர் பாடம். எனக்கு அது முதலில் எரிச்சலாக இருந்தது.

நான்காம் வீட்டில் ஷீபா குடியிருந்தாள். அண்டி ஆபீஸில் வேலை. முந்திரிப் பருப்பு உடைக்கும் இடத்தை எங்கள் பக்கத்தில் அப்படித்தான் சொல்வோம். காலையில் வேன் வந்து ஏற்றிக்கொண்டு போகும், மாலை நாலரைக்கு இறக்கிவிடும். ஒரே மகள், மூன்றாம் வகுப்பு. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அம்மா வரும் வரை ஐந்தாம் வீட்டுக் கிளாரக்காவோடு இருக்கும். கிளாரக்கா கடியப்பட்டணத்துக்காரி. மீன் விற்றுவிட்டு மதியத்துக்குள் வந்துவிடுவார். எனக்கு மூத்தவர், என்னை ஏலே என்றுதான் கூப்பிடுவார்.

ஷீபாவின் புருஷன் ஸ்டான்லி. கொத்தவேலை செய்பவன். அவளை அடிப்பான். நான் சொல்லப்போகும் நாளுக்கு நாலு மாதம் முன்பு அவள் மகளிர் ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தாள். இனி அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று அவன் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனான். காம்பவுண்டில் எல்லாருக்கும் அது தெரியும். எனக்கும் தெரியும்.

ஒரு நாள் முற்பகல் அவன் கேட்டுக்கு வந்தான். சவரம் செய்து, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் ஒரு சீப்பு மட்டிப்பழத்தோடு நின்றான்.

"அண்ணே, சொகமா இருக்கியளா?"

"இருக்கேன். நீ எங்க இந்தப் பக்கம்?"

"எனக்க துணி கொஞ்சம் கெடக்கு. எடுத்துட்டுப் போறேன். பழம் பிள்ளைக்கு. நீங்க ஒண்ணு தின்னுங்க."

ஒரு பழத்தைப் பிய்த்து நீட்டினான். தின்றேன். வீட்டு அக்ரிமெண்டில் அவன் பெயர் இருந்தது. எங்கள் பக்கம் வீடு எடுக்க வந்தால் ஆணின் பெயரைத்தான் எழுதுவோம். வாடகை கொடுப்பது அவளாக இருந்தாலும் அப்படித்தான். பெயர் இருக்கிறவன் சாவி கேட்டால் கொடுப்பதில் தப்பில்லை என்று எனக்குப் பட்டது. பிள்ளைக்குப் பழம் வாங்கி வருகிறவன் சண்டைக்கா வருவான் என்றும் பட்டது. கொத்திலிருந்து நாலாம் நம்பர் சாவியைக் கழற்றிக் கொடுத்தேன்.

மோட்டார் ரிப்பேருக்கு ஆள் வந்தான். அவனோடு கிணற்றடிக்குப் போய்விட்டேன். ஸ்டான்லி போனதை நான் பார்க்கவில்லை. போயிருப்பான் என்று நினைத்தேன்.

நாலரைக்கு வேன் வந்தது. ஷீபா தன் சாவியால் கதவைத் திறந்து உள்ளே போனாள். கதவு அவளுக்குப் பின்னால் மூடியது. கொண்டி விழும் சத்தம் கேட்டது. பிறகு அவள் அலறல் கேட்டது.

ஓடிப் போய்க் கதவை இடித்தேன். நான் பொருத்திய கதவு. அசையவில்லை. கொத்தைப் பார்த்தேன். சாவி இருந்திருந்தாலும் கொண்டியைத் திறக்காது, ஆனால் அந்த நேரத்தில் கை அதைத்தான் தேடியது. அதில் நாலாம் நம்பர் இல்லை.

கிளாரக்கா பிள்ளையைத் தன் வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு ஓடி வந்தார். "ஏலே, பின்னால வா!" என்றார். பின்கதவின் நிலையைக் கறையான் தின்றிருந்தது. மூன்று மாதமாக நான் தள்ளிப்போட்ட வேலை. கடப்பாரையை நுழைத்து நெம்பினேன். கதவு நிலையோடு பெயர்ந்து வந்தது. என் வாழ்க்கையில் நான் செய்யாமல் விட்ட வேலைகளில் அந்த ஒன்றுக்குத்தான் இன்றைக்கும் கடவுளுக்கு நன்றி சொல்கிறேன்.

கிளாரக்காதான் முதலில் உள்ளே போனார். கையில் மீன் விற்கும் அலுமினியச் சருவம் இருந்தது. அதோடு அவன்மேல் விழுந்தார். அவன் கையிலிருந்த வெட்டுக்கத்தி தரையில் விழுந்தது. நான் அதை மிதித்துக்கொண்டு அவனைப் பிடித்தேன். ஷீபா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். இடது தோளிலும் கையிலும் வெட்டு. நினைவு இருந்தது. "பிள்ள எங்க?" என்று மட்டும் கேட்டாள்.

போலீஸ் வந்தது. அவன் சட்டைப் பையில் சாவி இருந்தது. முன்பே அவனிடம் இருந்த சாவி என்று நினைத்துக்கொண்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்குச் சிஸ்டர் இறங்கி வந்தார். அன்றும் நான்காம் வீட்டுப் படிக்குக் கீழேதான் நின்றார்.

"பின்கதவ நீ ஒடச்ச. முன்கதவுல ஒரு கீறல் இல்ல. அவன் எப்படிக் கேறுனான்?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். கேட்டது சிஸ்டர் என்பதால் முடியவில்லை.

"நான் சாவி குடுத்தேன் சிஸ்டர்."

கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை. கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"அவன் சமாதானமாட்டு வந்திருக்கான்னு பாத்தியா, கேட்டியா, நெனச்சியா?"

"நெனச்சேன்."

"ஷீபாவுக்குப் போன் போட்டியா?"

"இல்ல."

நான் சாவிக்கொத்தை இடுப்பிலிருந்து எடுத்து நீட்டினேன்.

"நான் வேலைய விட்டுக்கிடுதேன் சிஸ்டர். வேற ஆளப் பாருங்க."

"நீ போனா இன்னொருத்தன் வருவான். அவன் இதப் படிக்கணும்னா இன்னொரு பெண்ணு வெட்டுப்படணுமா?" என்றார். கொத்தை வாங்கவில்லை. "போலீஸ்ல போய் நடந்ததச் சொல்லு. பெறவு ஷீபாட்டச் சொல்லு. நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

ஸ்டேஷனில் சொன்னேன். எழுதிக்கொண்டார்கள், கையெழுத்துப் போட்டேன். பின்னால் கோர்ட்டிலும் அதையே சொன்னேன். அதெல்லாம் கஷ்டமாக இல்லை. ஆஸ்பத்திரியில் ஷீபாவின் கட்டில் பக்கம் போய் நின்றதுதான் கஷ்டம். சொல்லி முடித்தேன். அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"நீங்க போங்க அண்ணே" என்றாள்.

வந்துவிட்டேன்.

சுஜாதா இனி வருவதைக் கவனமாகப் படிக்க வேண்டும். போலீஸ் பார்த்து எழுதி முடித்து, இனி கழுவலாம் என்று சொல்லும் வரை சிஸ்டர் ஒரு துடைப்பத்தைக்கூட உள்ளே விடவில்லை. நாலு நாள் வீடு அப்படியே கிடந்தது. ஐந்தாம் நாள் நான் வெந்நீர் வைத்தேன். சிஸ்டர் அதைக் கொட்டச் சொன்னார். "பச்சத் தண்ணி எடு. சூடுதண்ணி பட்டா ரெத்தக்கற புடிச்சிரும்." இரண்டு பேரும் கையுறை போட்டோம். அவர் முழங்கால் போட்டு உட்கார்ந்து தரையைத் துடைத்தார். எழுபதை நெருங்கிய வயது அப்போது. ஆள் வைத்துச் செய்யலாமே என்றேன். "அவளுக்க ரெத்தம். எவனோ வந்து மிதிச்சிட்டுப் போகவா?" என்றார். பிறகு பிளீச்சிங் பவுடர். பிறகு சுவருக்கு வெள்ளை. ஷீபாவின் சாமான்களை ஒன்றுவிடாமல் எழுதி, பெட்டியில் கட்டி, சிஸ்டர் தன் வீட்டில் வைத்தார்.

அதன்பின் ஒன்பது வீட்டுக்கும் புதுப் பூட்டு. பழைய சாவி ஒன்றும் செல்லாது. எல்லாக் கதவிலும் வெளியே பார்க்க லென்ஸ். பின்கதவுக்கெல்லாம் புது நிலை. அக்ரிமெண்டைத் திருப்பி எழுதினோம். வீட்டில் குடியிருக்கும் பெண்ணின் பெயரும் அதில் வந்தது. அவரவரைக் கேட்டு, சம்மதித்தவர்களின் மாற்றுச்சாவியை மட்டும் கொத்தில் போட்டேன். யார் கேட்டாலும், புருஷனோ தகப்பனோ, அந்த வீட்டுப் பெண்ணுக்குப் போன் போட்டுக் கேட்காமல் சாவி கொடுப்பதில்லை. போன் எடுக்காவிட்டால் சாவி இல்லை.

ஆறாம் வீட்டுக்காரர்களும் எட்டாம் வீட்டுக்காரர்களும் காலி செய்தார்கள். பயம். குற்றம் சொல்ல முடியாது. கிளாரக்காவைக் கேட்டேன், நீங்களும் போகிறீர்களா என்று.

"நான் எங்க போவ? கடலுக்கா? வீட்ட விட்டா எனக்கு அந்தச் சருவம்தான். அதும் நெளிஞ்சு போச்சு" என்றார்.

ஆறுக்கும் எட்டுக்கும் இரண்டு மாதத்தில் ஆள் வந்தது. நான்கு காலியாகக் கிடந்தது. புரோக்கர் ஒருவர் வந்து வழி சொன்னார். நம்பரை மாற்றி மூன்று ஏ என்று எழுது, தூரத்து ஊர்க்காரனாகப் பார்த்துப் பிடி, அவனுக்கு என்ன தெரியப் போகிறது என்றார். எனக்கு அது சரியாகத்தான் பட்டது. சிஸ்டரிடம் சொன்னேன்.

"சொல்லிட்டுக் குடு" என்றார். "குடிவந்த பெறவு எவளாவது கெணத்தடில வச்சுச் சொல்லுவா. அன்னைக்கு அந்தப் பெண்ணுக்கு ஒறக்கம் போவும். முன்னயே சொல்லு."

சொன்னேன். வீடு பார்க்க வந்தவர்களிடம் கதவைத் திறப்பதற்கு முன்பே சொல்லிவிடுவேன். இந்த வீட்டில் ஒரு பெண்ணை வெட்டினார்கள். அவள் பிழைத்துக்கொண்டாள். வெட்டினவனுக்குச் சாவி கொடுத்தது நான். இப்போது பூட்டு மாற்றியிருக்கிறோம்.

மூன்று குடும்பம் வந்தது. மூன்றும் உள்ளே எட்டிக்கூடப் பார்க்காமல் போனது. மூன்றாவது குடும்பம் போகும்போது கிளாரக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார்.

"ஏலே தாசையா, நீ வீடு வாடகைக்கு விடுகியா, இல்ல பாவசங்கீர்த்தனம் செய்கியா?"

"சிஸ்டர் சொல்லச் சொன்னாங்க அக்கா."

"வெட்டு நடந்ததச் சொல்லச் சொன்னா. உனக்க பாவத்த ஆரு கேட்டா? அதக் கேக்கவேண்டிய ஆளு ஒருத்திதான். அவ பூதப்பாண்டில கெடக்கா."

ஷீபா அண்ணன் வீட்டில் இருந்தாள், பூதப்பாண்டியில். அது எனக்குத் தெரியும். அன்று சாயங்காலம் சிஸ்டரிடம் போய், நாலாம் வீட்டுக்கு ஆள் வரவே இல்லை என்றேன்.

"ஷீபா என்ன சொன்னா?"

"அவ எப்படி சிஸ்டர் திரும்ப வருவா?"

"வரமாட்டேன்னு அவ சொல்லிக் கேட்டியா?"

மறுநாள் பஸ் ஏறினேன். மார்த்தாண்டம், நாகர்கோவில், பூதப்பாண்டி. மூன்று பஸ். வழியெல்லாம் வயல் அறுப்பு நடந்துகொண்டிருந்தது.

ஷீபா வாசலுக்கு வந்தாள். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை. நானும் உட்காரவில்லை. சிஸ்டர் கேட்டுவிட்டு வரச் சொன்னார், நாலாம் வீடு காலியாகத்தான் கிடக்கிறது என்றேன்.

"வேற ஆரும் வரல்லியா?"

"வரல்ல."

"பேய் வீடுன்னு சொல்லுகாளுவளா?"

"சொல்லுகாங்க."

முதல் தடவையாகச் சிரித்தாள். "நான் சாவவே இல்ல. அதுக்குள்ள பேயாக்கிட்டாளுவ."

அப்புறம் கொஞ்சம் பேசினாள். அண்ணன் வீட்டில் மரியாதையாகத்தான் வைத்திருக்கிறார்கள். ஆனால் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் மாறியது பிடிக்கவில்லை. அண்டி ஆபீஸில் தரம் பிரிக்கும் மேசையில் வேலை தருகிறோம் என்று சொல்லியிருக்கிறார்கள், பூதப்பாண்டியிலிருந்து தினமும் போய்வர முடியாது. வேறு வீடு கேட்டுப் பார்த்திருக்கிறாள். புருஷன் ஜெயிலில் இருக்கிற பெண்ணுக்கு யாரும் கொடுக்கவில்லை.

"உனக்குப் பயமா இருக்காதா, பிள்ளே?"

"வெட்டுனது அவனாக்கும். வீடு இல்ல" என்றாள். பிறகு என்னை நேராகப் பார்த்தாள். "வாடகைச் சீட்டு எனக்க பேருல மட்டும் வேணும். சாவி எல்லாம் எனக்க கைல வேணும். உங்க கொத்துல எனக்க வீட்டுச் சாவி கெடக்கப்பிடாது."

"கெடக்காது."

"சிஸ்டர்ட்ட கேக்கண்டாமா?"

"கேக்கண்டாம்" என்றேன். அந்த ஒரு விஷயத்தை மட்டும் நான் சிஸ்டரைக் கேட்காமல் முடிவு செய்தேன். திரும்பி வந்து சொன்னபோது அவர் கண்ணாடியைக் கழற்றவில்லை.

அடுத்த வாரம் அவள் வந்தாள். புதுப் பூட்டின் மூன்று சாவியையும் கையில் கொடுத்தேன். மூன்றையும் எண்ணி வாங்கிக்கொண்டாள். கிளாரக்கா அடுப்பு பற்றவைத்துப் பால் காய்ச்சினார். சிஸ்டர் படிக்குக் கீழே நின்றார். ஷீபா வெளியே வந்து, "உள்ள வாங்க சிஸ்டர்" என்றாள். நான் அறிந்தமட்டும் குடியிருக்கும் வீட்டுக்குள் சிஸ்டர் காலெடுத்து வைத்தது அன்றைக்குத்தான். எனக்குப் பால் டம்ளர் படிக்கு வெளியே வந்தது. வாங்கிக் குடித்தேன். அது எனக்குப் போதுமாக இருந்தது.

ஏழெட்டு மாதம் கழித்து ஸ்டான்லி ஜாமீனில் வந்தான். ஸ்டேஷனிலிருந்து ஷீபாவுக்குச் சொன்னார்கள், அவள் சிஸ்டரிடம் சொன்னாள், சிஸ்டர் ஒன்பது வீட்டிலும் சொன்னார். ஒளிக்கவில்லை. வேன் வரும் நேரம் நான் கேட்டில் நிற்பது என்று வைத்துக்கொண்டோம். இரண்டாம் வாரம் அவன் வந்தான். எதிரே டீக்கடையில் நின்றுவிட்டு, ரோட்டைக் கடந்து என்னிடம் வந்தான். கையில் ஒன்றும் இல்லை.

"அண்ணே, பிள்ளயப் பாக்கணும். ஒரு வார்த்த பேசிட்டுப் போயிருவேன்."

"எனக்க கைல சாவி இல்ல" என்றேன்.

"பொய் சொல்லாதியும். கொத்து இடுப்புல கெடக்கு."

"எண்ணிப் பாத்துக்க. நாலாம் நம்பர் இல்ல."

கேட்டைப் பூட்டிவிட்டு ஸ்டேஷனுக்குப் போன் போட்டேன். அவன் போலீஸ் வரும் வரை நிற்கவில்லை. அண்டி ஆபீஸுக்குப் போன் செய்து, ஷீபாவை வேனில் ஏற்ற வேண்டாம், போலீஸோடு அனுப்புங்கள் என்றேன். அப்படியே வந்தாள். ஜாமீன் ரத்தானது. வழக்கு முடிந்து தண்டனையும் ஆனது. பிறகு அவன் வரவில்லை.

சாவி இல்லை என்று நான் அவனிடம் சொன்னது உண்மை. அப்படி ஒரு உண்மையைச் சொல்ல எனக்கு வாய்த்ததே பெரிய காரியம். ஷீபா அன்று பூதப்பாண்டியில் கேட்டிராவிட்டால் வாய்த்திருக்காது.

வருஷங்கள் போயின. பிள்ளை வளர்ந்து நர்சிங் படிக்கக் கோயம்புத்தூர் போனது. அதைச் சேர்த்துவிட்டு வர ஷீபா கிளம்பிய காலையில் கேட்டில் நின்றாள்.

"அண்ணே, இது வச்சுக்கிடுங்க."

நாலாம் நம்பர் சாவி. நான் கையை நீட்டவில்லை.

"கொத்துல போடவா?" என்று கேட்டேன்.

"கொத்துல வேண்டாம். உங்க சட்டப்பைல கெடக்கட்டும்."

திரும்பி வந்ததும் கொடுக்கப் போனேன். வாங்கவில்லை.

சிஸ்டர் இறந்து இரண்டு வருஷம் ஆகிறது. கடைசியில் நான் பார்க்கப் போனபோது பேச்சுக் குறைந்திருந்தது. அவர் மருந்து சாப்பிட்டாரா என்று உள்ளே இருந்த அவர் மகளிடம் கேட்காமல், நானாகவே "சாப்பிட்டிருப்பாங்க" என்றேன். கட்டிலிலிருந்து கையைத் தூக்கி மூன்று விரலைக் காட்டினார். எனக்குப் புரிந்தது. போய்க் கேட்டுவிட்டு வந்தேன். எனக்கு இரண்டாவது பள்ளிக்கூடம் அவர்.

போன மாதம் சுஜாதாவிடம் கொத்தைக் கொடுத்தேன். எண்ணிப் பார்த்தாள். "எட்டுதான் இருக்கு அண்ணே. நாலாம் வீடு?" என்று கேட்டாள். அந்த வீட்டுக்காரியிடம் கேள் என்றேன். பிறகு நானே சட்டைப்பையிலிருந்ததை எடுத்துக்கொண்டு நாலாம் வீட்டுக்குப் போனேன். படிக்குக் கீழே நின்று ஷீபாவைக் கூப்பிட்டேன். கையில் மாவோடு வந்தாள்.

"வேலைய விட்டாச்சு. இது உனக்க சாவி."

"நம்பர் பூட்டு போட்டாச்சுன்னா அது எதயும் திறக்காது அண்ணே."

"அது வரைக்கும் திறக்கும்லா. அதுக்குத்தான் தாரேன்."

"நான் வேலைக்காரனுக்கா குடுத்தேன்? வச்சுக்கிடுங்க" என்றாள். "நில்லுங்க, நான் போடப்போற நம்பரச் சொல்லுகேன்."

வேண்டாம் என்றேன். கேட்கவில்லை. சொன்னாள். நாலு இலக்கம். நான் எங்கும் எழுதி வைக்கவில்லை. மறக்கவும் இல்லை.

சுஜாதா, நீ கேட்டதற்குப் பதில் இதுதான். நம்பர் உள்ளே உறங்குகிற ஆளிடம் இருக்கட்டும். அவர்களாகச் சொன்னால் நீ கேட்டுக்கொள். நீயாகக் கேட்காதே.